அறுபத்தொரு நாள் நாடும் காராமணி வடையும்

எங்கள் நாடு அறுபத்தொரு நாள்தான் இருந்தது. நான் வடை சுடும் இரும்புச் சட்டிக்கு அப்போதே வயது பதினொன்று. அதனால் நாடுகளைப் பற்றி யாராவது என்னிடம் பெரிதாகப் பேச ஆரம்பித்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

என் பெயர் நியெலே ஜாரா. கிடிரா ரயில் நிலையத்தில் காராமணி வடை விற்கிறவள். டக்காரிலிருந்து பமாக்கோ போகிற ரயில் எங்கள் ஊரில் அரை மணி நேரம் நிற்கும். பிறகு ஃபாலேமே ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டிபோலிக்குப் போகும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் செனகல், அந்தப் பக்கம் பிரெஞ்சு சூடான் என்று பிரெஞ்சுக்காரன் எழுதி வைத்திருந்தான். எங்களுக்கு இரண்டும் துணி துவைக்கிற கரைகள், அவ்வளவுதான். ஐம்பத்தொன்பதில் இரண்டையும் சேர்த்து ஒரே கூட்டாட்சி என்றார்கள். முதலில் நான்கு நாட்டுக்காரர்கள் சேர்வதாகச் சொல்லி, இரண்டு பேர் இலை போட்ட பிறகு நழுவிவிட்டார்கள். மிஞ்சிய இரண்டு பேரும் மாலி என்று பழைய ராஜ்யத்தின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் ஜூன் இருபதாம் தேதி சுதந்திரம் வந்தது.

சுதந்திரம் வந்துவிட்டது, கொடி வரவில்லை. ஊரில் துணி தைக்கிறவளும் நான்தான் என்பதால், ஸ்டேஷன் மாஸ்டர் துணியை என் கையில் கொடுத்துத் தைக்கச் சொன்னார். பச்சை, மஞ்சள், சிவப்பு. நடுவே இரண்டு கைகளையும் மேலே தூக்கி நிற்கும் கறுப்பு மனிதன். விடிவதற்குள் முடிக்க வேண்டிய அவசரத்தில் அவனுக்கு ஒரு கை நீண்டுவிட்டது. கொடி ஏறியதும் கூட்டத்தில் முதலில் சிரித்தவன் சார்ஜன்ட் மொரிபா த்ராவோரே.

"இது ஜாரா ஆளுதான், சந்தேகமே இல்ல! அடுத்த வீட்டுச் சட்டியில கை விடறதுக்குன்னே நீட்டி வெச்சிருக்கா பாரு!"

"உன் வாயி அளவுக்கு நீட்டலடா அடிமை. அதுக்குத் துணி பத்தாது," என்றேன்.

இப்படிப் பேசினால் எங்கள் பக்கத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஜாரா குலத்துக்கும் த்ராவோரே குலத்துக்கும் கேலி முறை. நாங்கள் அவர்களை அடிமை என்போம், அவர்களும் எங்களை அடிமை என்பார்கள். காராமணி தின்னி என்பது இருபக்கத்துக்கும் பொது. கோபப்படுகிறவன் தோற்றான். முறைக்காரன் வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. அவனுக்கு நன்றி சொல்லவும் கூடாது, நன்றியெல்லாம் அந்நியர்களுக்கு. ஜாரா வீட்டுப் பெண் கல்யாணத்துக்குப் புறப்படும்போது ஒரு த்ராவோரே வந்து குறுக்கே நிற்பான். ஏதாவது கொடுத்தால் தின்றுவிட்டு வழி விடுவான். தின்றுவிட்டு வழி விடாத த்ராவோரேயை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மொரிபா பாலத்துக் காவல் போலீஸ்காரன். காலையில் என் வடை நாலு தின்றுவிட்டு, நாலுக்கும் குறை சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவான். சட்டையின் இடது கையில் சார்ஜன்ட் என்பதற்கு மூன்று பட்டை. ஒன்பது வருடம் வெயிலில் நின்று வாங்கிய பட்டைகள். மடிப்புக் கலையாமல் இருக்க அந்தக் கையை மடக்காமலே நடப்பான். அதற்கும் நான் விட்டதில்லை. "கை சுளுக்கிக்கிச்சா, எண்ணெய் போடட்டுமா?" என்று கேட்பேன்.

என் தங்கை தெனினுக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா, அம்மா இல்லாத வீட்டில் அவளுக்கு நான்தான் எல்லாம். சத்தமாகச் சிரிப்பாள், எதற்கும் பொறுமை கிடையாது. ஆற்றுக்கு அப்பால் கயேஸ் நகரத்து ரயில்வே பட்டறையில் வேலை செய்த சேகா கனூத்தே என்பவன், ரயிலோடு வருகிற வேலை இருந்த நாளெல்லாம் எங்கள் ஊரில் இறங்கி வடை வாங்கினான். அவனுக்குக் காராமணி பிடிக்காது என்பதை நான் பின்னால்தான் கண்டுபிடித்தேன். வாங்கியதையெல்லாம் பாலத்திலிருந்து மீன்களுக்குப் போட்டிருக்கிறான். பையன் நல்லவன், அதனால் மன்னித்தேன். பெண் கேட்டு அவன் வீட்டிலிருந்து கோலாக்கொட்டை மூன்று முறை வந்தது. மூன்று முறையும் வாங்கிக்கொண்டோம். ஆகஸ்ட் மாதம் இருபத்தைந்து, வியாழக்கிழமை, பெண்ணை ரயிலில் கூட்டிப் போவது என்று பேசி முடித்தோம்.

வியாழனுக்கு முந்தின சனிக்கிழமை நாடு உடைந்தது.

ஸ்டேஷன் மாஸ்டரின் ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. டக்காரில் ராத்திரியோடு ராத்திரியாகப் பெரியவர்களுக்குள் சண்டை, செனகல் தனி, சூடான் தனி என்று ரேடியோ சொன்னது. இவன் அவனைக் குற்றம் சொன்னான், அவன் இவனைச் சொன்னான். அதற்கு இரண்டு நாள் கழித்து, ஜன்னலெல்லாம் மூடிய ஒரு ரயில் சூடான் தலைவர்களை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் வழியாகப் பாலத்தைத் தாண்டிப் போனது. தலையில் தட்டோடு நான் நடைமேடையில் நின்றேன். ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ரயில் இல்லை. தம்பாகுண்டா நகரத்திலிருந்து ஒரு லெப்டினன்ட் வந்து இறங்கினார். பாலத்தின் வாயில் சங்கிலி போட்டார், தோணிகளைக் கரையேற்றிக் கட்ட வைத்தார், கொடியை இறக்கினார். புதுக்கொடி இன்னும் வரவில்லை. கம்பம் மொட்டையாக நின்றது. என் நீண்ட கைக்காரனை என்ன செய்தார்கள் என்று கேட்டேன், யாரும் சொல்லவில்லை.

தோணிகளைக் கட்டுவதற்கு முன்னால் கடைசியாக வந்த மீன்காரன் டிபோலியிலிருந்து செய்தி கொண்டுவந்தான். சேகா தன் வீட்டாரோடு வந்து அங்கே காத்திருக்கிறான். ஆனால் அவன் பெரியப்பா குதிக்கிறார்.

"நம்ம தலைவருங்களை ஆட்டை ஏத்தற மாதிரி ஏத்தி அனுப்பிச்சவங்க வீட்டுப் பொண்ணு நமக்கெதுக்குங்கறாரு," என்றான் மீன்காரன். "கோலா கொடுத்த பாவத்துக்கு வியாழக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை வரைக்கும் பார்ப்பாராம். அதுக்குள்ள பொண்ணு வரலைன்னா கோலாவைத் திருப்பிக் கேப்பாராம். கயேஸ்லயே வேற பொண்ணு இருக்காம்."

"அந்த ஆளுக்கு என்ன, ரேடியோ ரொம்பப் பிடிக்குமோ?" என்றேன்.

தெனின் அழவில்லை. கையிலிருந்த துணியைத் தூக்கி எறிந்தாள். "நாடு உடைஞ்சா எனக்கென்னக்கா? நான் நாட்டையா கட்டிக்கப் போறேன்? தோணி இல்லைன்னா நீந்திப் போறேன்."

"ஆறு கரை புரண்டு ஓடுது. பொணமாத்தான் போய்ச் சேருவ."

"அப்ப மீன்காரனைக் கேளு. மறைஞ்சு கூட்டிட்டுப் போவான்."

"போவான்டி. நாளைக்கு உன் நாத்தனார் என்ன சொல்லுவா? திருட்டுத் தோணியில வந்து ஏறினவள்னு உன் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவா. என் தங்கச்சி பட்டப்பகல்ல, பாட்டோட, பாலத்து மேல நடந்து போவா."

சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை வடைத் தட்டோடு பாலத்துக்குப் போனேன். மொரிபா சங்கிலிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றான். வடையைப் பார்த்தான், பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னிக்கு வேண்டாம்மா."

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அவன் என்னை அம்மா என்றது அன்றைக்குத்தான்.

"யாருடா உனக்கு அம்மா? உடம்பு சரியில்லையா?"

"உத்தரவுங்கம்மா. யாரும் தாண்டக் கூடாது. நீங்க வீட்டுக்குப் போங்க."

நீங்களாம், போங்களாம். மனிதன் மரியாதை பேச ஆரம்பித்தால் கதவைச் சாத்திவிட்டான் என்று அர்த்தம். திரும்பி வரும் வழியெல்லாம் அவனை மனதாரத் திட்டினேன். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. வடையை ஏன் வேண்டாம் என்றான்? காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட ஆள் அனுப்பி வாங்கித் தின்றவன். தின்றுவிட்டால் நான் கேட்பேன், கேட்டால் அவனால் மறுக்க முடியாது. அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் பட்டைக்கு உள்ளே த்ராவோரே இன்னும் உயிரோடுதான் இருக்கிறான்.

வியாழன் காலையில் மழை தூறி விட்டிருந்தது. தெனினைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியால் தலை மூடி, ஊர்ப் பெண்களைத் திரட்டினேன். சிலர் பயந்தார்கள். "பாடத்தானே கூப்பிடறேன், சுடவா கூப்பிடறேன்?" என்றேன். முப்பது பேர் வந்தார்கள். தலையில் சுரைக்குடுக்கைகள், கையில் தாளம், வாயில் பாட்டு. என் தலையில் வடைத் தட்டு. லெப்டினன்ட் ஸ்டேஷன் அறையில் தந்திக்காரனோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் சந்தைப் பக்கமாகச் சுற்றிப் பாலத்துக்கு வந்தோம்.

அக்கரையில் ஒரு சின்னக் கூட்டம் தெரிந்தது. சேகாவின் நீலச் சட்டை எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

சங்கிலிக்கு முன்னால் மொரிபா, அவனுக்குப் பின்னால் இரண்டு இளம் போலீஸ்காரர்கள். எங்களைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது. நான் பாட்டை நிறுத்தச் சொன்னேன். ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசினேன்.

"யாரு இது, எங்க பொண்ணு போற வழியில குறுக்க நிக்கறது? அடடே, எங்க வீட்டு அடிமை! கல்யாணப் பங்கு வாங்க வந்துட்டான். பாருங்கடி, துப்பாக்கியெல்லாம் தூக்கிட்டு வந்திருக்கான், பங்கு ஜாஸ்தி கேப்பான் போல!"

பெண்கள் சிரித்தார்கள். மொரிபா சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில், "நியெலே, வேண்டாம். இது விளையாட்டு இல்ல," என்றான்.

அம்மா போய்விட்டது, பெயர் வந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"நானும் விளையாடலடா. உங்கப்பன் எங்கம்மா கல்யாணத்துல குறுக்க நின்னு ஒரு சேவலைப் பிடுங்கிட்டுப் போனான். உங்க பாட்டன் என்ன பிடுங்கினானோ. இன்னிக்கு உன் முறை. சங்கிலியோட நில்லு, துப்பாக்கியோட நில்லு, அது உன் இஷ்டம். ஆனா த்ராவோரே குறுக்க நின்னா என்ன வேணும்னு கேக்கறது எங்க கடமை. கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

ஆறு இரைந்தது. அவன் ஸ்டேஷன் பக்கம் ஒரு தரம் பார்த்தான். தெனினைப் பார்த்தான். வலது கையால் இடது தோளுக்குக் கீழே மெதுவாகத் தடவினான். கொசு கடித்ததாக்கும் என்று நினைத்தேன். நான் அவனை எப்படிப்பட்ட இடுக்கில் நிறுத்தியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நிறுத்தினேன். இவன் இப்போது "கலைந்து போங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் என் தங்கையின் வாழ்க்கை போயிற்று.

"ரெண்டு வடை," என்றான் மொரிபா.

உடனே தலையிலிருந்த தட்டை இறக்கினேன். ஆனாலும் முறை முறைதான். "ரெண்டா? உன் மூஞ்சிக்கு அரையே அதிகம்."

"ரெண்டு. ஜாரா சுட்டதுன்னா ஒண்ணு கல்லா இருக்கும், ஒண்ணாவது மெல்ல முடியணும்ல."

கொடுத்தேன். எல்லோரும் பார்க்க அவன் நின்று நிதானமாகத் தின்றான். விரலைத் துடைத்துக்கொண்டான். "உப்பே இல்ல," என்றான். பிறகு இளம் போலீஸ்காரனிடம் திரும்பி, "சங்கிலியை எறக்கு," என்றான்.

"சார், உத்தரவுல..."

"உத்தரவுல என்ன இருக்கு? ரயிலு, லாரி, சரக்கு."

"யாரும்னும் போட்டிருக்கு சார்."

"படிச்சவன்டா நீ! போட்டிருக்கு, சரி. நான் தின்னுட்டேனே, இப்ப என்ன பண்றது? வயித்துக்குள்ள போனதை லெப்டினன்ட் வந்து எடுப்பாரா? எறக்குடா."

சங்கிலி தரையில் விழுந்த சத்தம் எனக்கு எந்தத் தாளத்தையும்விட இனிமையாக இருந்தது. மொரிபா அக்கரையைப் பார்த்துக் கையைக் குவித்துக் கத்தினான்.

"ஏய் குலிபாலி! பொண்ணு வருது! சுட்டுத் தொலைச்சுடாதே!"

அந்தப் பக்கத்துக் காவல்காரன் குலிபாலி. உலகத்தில் எல்லோரும் காராமணி தின்னி என்று கேலி செய்கிற குலம். அக்கரையிலிருந்து பதில் வந்தது. "த்ராவோரே பேச்சை நம்பலாமா? எனக்கு வடை வருதா?"

"வருது!"

"அப்ப வரச் சொல்லு!"

இரண்டு கரையும் சிரித்தது. அறுபத்தொரு நாளில் அந்தக் கூட்டாட்சி இப்படி ஒரு தரமும் சிரித்து நான் பார்க்கவில்லை.

வடையெல்லாம் ஒரு சுரைக்குடுக்கையில் போட்டுத் தெனினின் கையில் கொடுத்தேன். நானும் ஒரு அடி வைத்தேன். மொரிபா கையை நீட்டித் தடுத்தான். "நீ இல்ல. பொண்ணு மட்டும்தான் பேச்சு." கண்டிப்பாகச் சொன்னான். அதற்கு மேல் அவனால் முடியாது என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

தெனின் என்னைக் கட்டிக்கொண்டாள். "நான் எப்பக்கா திரும்பி வருவேன்?" என்றாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் அழுதாள். "ரயில் வரும்போது வருவே. போடி, அந்தக் கிழவன் சூரியனைப் பார்த்துட்டிருப்பான்," என்று தள்ளிவிட்டேன். தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே கீழே செம்மண் நிறத்தில் வெள்ளம் ஓட, அவள் குடுக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக மிதித்து நடந்தாள். நாங்கள் இங்கிருந்து பாடினோம். பாதிப் பாலத்தில், அங்கிருந்த பெண்கள் பாட்டை எடுத்துக்கொண்டார்கள். அதே பாட்டுதான், ஒரு சொல் மாறவில்லை. நீலச் சட்டை ஓடி வந்து எதிர்கொண்டது.

அடுத்த வாரம் மொரிபாவை எங்கேயோ தெற்கே மாற்றிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனான். மாற்றல் சகஜம்தானே என்று நினைத்தேன். சொல்லாமல் போனதற்கு மட்டும் அடிக்கடி திட்டினேன்.

மூன்று வருடம் ரயில் வரவில்லை. சூடான் மாலி என்ற பெயரைத் தன்னோடு வைத்துக்கொண்டது. எங்களுக்குக் கடல் மிஞ்சியது. பாகப் பிரிவினையில் அண்டா ஒருவருக்கு, மூடி ஒருவருக்கு. நான் சந்தையில் வடை விற்றேன். சட்டிக்குப் பதினான்கு வயது ஆனது. அப்புறம் ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் பெரியவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள், பாதை திறந்தது.

பமாக்கோவிலிருந்து முதல் ரயில் வந்த அன்று நடைமேடையில் எள் விழ இடமில்லை. நான் விடியலிலிருந்து நின்றேன். மூன்றாவது பெட்டியின் ஜன்னலில் தெனினின் முகம் தெரிந்ததும் வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி ஓடினேன். படியில் இறங்கப் போனவளை ஒரு போலீஸ்காரன் குறுக்கே கை வைத்து மறித்தான். தம்பாகுண்டாவிலிருந்து காவலுக்கு வந்த கூட்டத்தில் ஒருவன்.

"ஜாராவா? இறங்க முடியாது. பங்கு குடுத்துட்டு இறங்கு."

குரலைக் கேட்டதும் எனக்குக் கால் நின்றுவிட்டது. மொரிபா. தலை கொஞ்சம் நரைத்திருந்தது. தெனின் இடுப்பில் இருந்த குழந்தை அவன் தொப்பியைப் பிடித்து இழுத்தது.

"இது பேரு என்ன?" என்றான்.

"நியெலே," என்றாள் தெனின்.

"இன்னொண்ணா! ஒண்ணையே ஊர் தாங்கல."

தெனின் சிரித்தாள், அதே பழைய சத்தமான சிரிப்பு. நான் கிட்டே போனேன். அப்போதுதான் அவன் சட்டைக் கையைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. மூன்று பட்டை இருந்த இடத்தில் தையல் பிரித்த புள்ளிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. நான் தையல்காரி, அந்தப் புள்ளிகளை எங்கே கண்டாலும் தெரியும்.

"மொரிபா, பட்டை எங்க?"

"தின்னுட்டேன்," என்றான். "ரெண்டு வடை, மூணு பட்டை. உலகத்துலயே விலை கூடின வடை உன்னுதுதான். அதுலயும் உப்பு இல்ல."

கொசு என்று நினைத்தேனே என்று என் நெஞ்சில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஒன்பது வருட வெயில். அவன் அன்றைக்கே கணக்குப் பார்த்துத்தான் தடவிப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் வடை கேட்டிருக்கிறான். நானோ மூன்று வருடம் அவனைத் திட்டியிருக்கிறேன். நன்றி என்கிற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து அவன் எனக்கு அந்நியன்.

முழுத் தட்டையும் அவன் கையில் வைத்து அழுத்தினேன். கண்ணீர் கட்டுக்கடங்காமல் வந்தது. குழந்தை என்னை வேடிக்கை பார்த்தது.

"தின்னுடா அடிமை," என்றேன். "காராமணி தின்னி, எல்லாத்தையும் தின்னு. தின்னுட்டு வழி விடு."

அவன் ஒரு வடையை எடுத்துக் கடித்தான். மென்றுகொண்டே கையை எடுத்தான், தெனின் இறங்கினாள்.